கையில் காசில்லாத பேய்ப்படம்: கேமராவை எங்கே வைப்பது, எங்கே கட் செய்வது

சின்ன பட்ஜெட்டில் பேய்ப்படம் எடுக்கக் கிளம்பும் பலரும் முதலில் கவலைப்படுவது பேயைப் பற்றித்தான். மேக்கப் யார் போடுவது, கண்ணுக்கு வெள்ளை லென்ஸ் கிடைக்குமா, ரத்தத்துக்கு என்ன வழி என்று இதிலேயே பாதிப் பணமும் முக்கால்வாசி உற்சாகமும் கரைந்துவிடும். அப்புறம் அந்தப் பேயை நடு ஃப்ரேமில் நிறுத்தி, முகத்தில் நேராக லைட் அடித்து, நான்கு நொடி காட்டுவார்கள். பார்க்கிறவர் சிரித்துவிடுவார்.

உருவத்தைப் பார்த்து வரும் பயம் கொஞ்சம்தான். ‘அங்கே ஏதோ இருக்கிறது, ஆனால் சரியாகத் தெரியவில்லை’ என்ற தவிப்பில் வருவதுதான் அதிகம். அந்தத் தவிப்பைக் கூட்டவும் குறைக்கவும் உங்களிடம் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: கேமரா நிற்கும் இடம், கட் விழும் இடம், அதாவது ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததுக்குப் போகும் இடம். இரண்டும் இலவசம். 1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப் படுத்துக்கொண்டது. அதனால் பல இடங்களில் சுறாவைக் காட்டாமல், அதன் பார்வையிலிருந்தும் தண்ணீரில் இழுபடும் பீப்பாய்களை வைத்தும் எடுத்தார்கள். சுறா நன்றாகக் கண்ணில் படுவதற்குள் படம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். இவ்வளவு நேரம் ஒளித்துவைத்ததால்தான் அந்தச் சுறாவுக்கு அவ்வளவு மரியாதை.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். இரவு. வீட்டில் ஒருத்தி தனியாக இருக்கிறாள். உள்ளறையில் ஏதோ விழும் சத்தம். எழுந்து போகிறாள். அறையில் யாரும் இல்லை. திரும்பும்போது பின்னால் ஓர் உருவம். நூறு முறை பார்த்த காட்சி, வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டேன். கதையில் புதுமை இல்லாதபோதுதான் கோணமும் கட்டும் என்ன செய்கின்றன என்று தெளிவாகத் தெரியும்.

முதலில் தாளில்

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் காட்சியை வரி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேராக இரண்டு விஷயங்களைக் குறியுங்கள்: இந்த நொடியில் அவளுக்கு என்ன தெரியும்? பார்க்கிறவருக்கு என்ன தெரியும்?

இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் அது திடுக்கிடல். உருவம் பின்னால் நிற்பது பார்க்கிறவருக்கு முன்னாலேயே தெரிந்து, அவளுக்கு மட்டும் தெரியாவிட்டால் அது பதைப்பு. இந்த இரண்டையும் ஒரே மாதிரி எடுக்க முடியாது. திடுக்கிடலுக்குக் கேமரா அவளோடு ஒட்டிக்கொண்டு, அவள் பார்க்காத எதையும் காட்டாமல் இருக்க வேண்டும். பதைப்புக்கு அவளைவிட்டு விலகி, அவளையும் அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பதையும் ஒரே ஃப்ரேமில் அடக்க வேண்டும். எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் ஸ்பாட்டுக்குப் போனால் இரண்டுக்கும் பாதிப் பாதி ஷாட் எடுத்துக்கொண்டு வருவீர்கள். எடிட் டேபிளில் எதுவும் ஒட்டாது.

புதிதாக எடுப்பவர்களுக்கு நான் சொல்வது பதைப்பு. திடுக்கிடலுக்குத் துல்லியமான டைமிங்கும் நல்ல சவுண்டும் வேண்டும். பதைப்புக்கு ஒரு ட்ரைபாடும் பொறுமையும் போதும். எடுத்துக்கொண்ட காட்சி திடுக்கிடலில் முடிந்தாலும், அதுவரை பதைப்பில்தான் ஓட வேண்டும்.

அறையைப் படிப்பது

படப்பிடிப்புக்கு முன் அந்த இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். ஒரு கதவின் வழியாக இன்னொரு கதவு தெரிகிறதா? நடைவழியின் கோடியில் நின்றால் எத்தனை இருட்டு மூலைகள் கிடைக்கின்றன? ஆழம் உள்ள ஃப்ரேம்தான் திகில் காட்சிக்குச் சோறு போடும். நான்கு சுவருக்குள் சுவரை ஒட்டி நடிகையை நிறுத்தினால் பின்னால் எதுவும் வர இடமே இல்லை, பயமும் வராது.

வெள்ளைச் சுவர் பெரிய தொல்லை. சின்ன லைட்டைப் போட்டாலும் அறை முழுக்க வெளிச்சத்தைத் திருப்பி அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். பெயின்ட் அடிக்க வேண்டாம். நடிகையைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் முன்னால் கொண்டுவந்து, லைட் சுவரில் விழாதபடி பக்கவாட்டில் திருப்பினாலே சுவர் இருட்டில் போய்விடும். கண்ணாடி இருந்தால் விடாதீர்கள். ஆனால் ட்ரைபாட் அதில் தெரிகிறதா என்று ஒவ்வொரு டேக்கிலும் பாருங்கள்.

கோணங்கள்

முதல் ஷாட் சாதாரணமாக இருக்கட்டும். கண் மட்டத்தில் கேமரா, நேரான ஃப்ரேம், அவள் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். தொடக்கத்திலேயே கேமராவைச் சாய்த்து, மூலையில் ஒட்டவைத்து, தரையில் கிடத்தி எல்லா வித்தையையும் காட்டிவிட்டால் பிறகு மாற்றிக்காட்ட ஒன்றும் மிஞ்சாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று கண் நம்பிய பிறகுதான் கோணம் கொஞ்சம் மாறினாலும் மனசுக்கு உறுத்தும்.

சத்தம் கேட்டு அவள் நிமிர்கிறாள். இங்கே க்ளோசப். அவள் வலப்பக்கம் பார்க்கிறாள் என்றால், வழக்கமாக வலப்பக்கம்தான் இடம் விடுவோம். இந்தக் காட்சியில் மாற்றிச் செய்து பாருங்கள். முகத்தை ஃப்ரேமின் வலது ஓரத்தில் வைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் இடப்பக்கம் முழுவதையும் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடத்தில் பாதி திறந்த கதவு ஒன்று இருட்டாக இருந்தால் போதும். பார்க்கிறவரின் கண் அவள் முகத்தில் நிற்காது, அந்தக் கதவுக்கே போய்ப் போய் வரும். அங்கே எதுவும் வராவிட்டாலும் பரவாயில்லை. வராமல் இருந்தால் இன்னும் நல்லது. இதே மாதிரி இரண்டு முறை ஏமாற்றினால் மூன்றாவது முறை அவரே பயந்துகொள்வார்.

நடைவழியில் அவள் வரும்போது கேமராவைத் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், கோடியில் வையுங்கள். இந்த லோ ஆங்கிளில் கூரையும் ஃப்ரேமுக்குள் வந்துவிடும், இடம் அவளை அழுத்துவதுபோல் இருக்கும். வைட் லென்ஸில் நடைவழி உள்ளதைவிட நீளமாகத் தெரியும், அவள் நடந்தும் நடந்தும் வந்து சேராத மாதிரி. ஒரே சிக்கல், கூரை தெரிவதால் மேலே லைட் மாட்டி ஒளிக்க முடியாது. பக்கத்து அறையிலிருந்து கதவு வழியாக வெளிச்சம் விழவைத்தால் தீர்ந்தது.

டாப் ஆங்கிள் இதற்கு நேர்மாறு. அறையின் மேல்மூலையிலிருந்து பார்த்தால் ஆள் சின்னதாகிவிடுவார், யாரோ மேலிருந்து கவனிப்பதுபோல் தோன்றும். போனை அலமாரி மேல் வைத்துக்கூட எடுக்கலாம். ஆனால் இதைக் காட்சிக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். அடிக்கடி வந்தால் கண்காணிப்புக் கேமரா பதிவு மாதிரி ஆகிவிடும்.

கேமராவைச் சாய்த்து எடுக்கும் டச்சு ஆங்கிளைப் புதியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1920இல் வந்த ஜெர்மன் மௌனப்படமான ‘டாக்டர் கலிகாரி’யில் செட்டையே கோணலாக வரைந்து அந்த உணர்வைக் கொண்டுவந்தார்கள். அங்கே உலகமே கோணல், அதனால் பொருந்தியது. உங்கள் காட்சியில் ஏதோ ஒன்று தடம்புரளும் அந்த ஒரு நொடிக்கு மட்டும், அதுவும் லேசாகச் சாயுங்கள். ‘சாய்ந்திருக்கிறது’ என்று கண்டுபிடிக்கும் அளவுக்குச் சாய்த்தால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஒளிந்து பார்க்கும் ஃப்ரேம். கதவிடுக்கு, திரைச்சீலை ஓரம், நாற்காலி முதுகு, இப்படி எதையாவது கேமராவுக்கு மிக அருகில், அவுட் ஆஃப் ஃபோகஸில் வைத்து, அதன் வழியாக அவளை எடுங்கள். யாருடைய பார்வை என்று சொல்ல வேண்டியதில்லை. கேமராவைக் கையில் பிடித்து, மூச்சு விடும் அளவுக்கு மட்டும் அசையவிட்டால் போதும், அங்கே யாரோ நிற்கிறார்கள் என்று பார்க்கிறவர் முடிவுகட்டிவிடுவார். பேயே இல்லாமல் பேயைக் காட்டும் மலிவான வழி இது. ‘தி ஈவில் டெட்’ (1981) எடுத்தவர்கள் ஒரு நீளமான மரக்கட்டையில் கேமராவைப் பொருத்தி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். பாய்ந்து வரும் அந்தத் தீய சக்திக்கு உருவமே கிடையாது, ஓடும் பார்வை மட்டும்தான்.

உருவத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் சஜஷன் ஷாட்டில் தொடங்குங்கள். உருவத்தின் தோளும் தலையின் பின்பக்கமும் ஃப்ரேமின் ஓரத்தில் கருப்பாக, அதைத் தாண்டி தூரத்தில் அவள். மேக்கப் எதுவும் தெரியாது. ஒரு போர்வையும் ஒரு விக்கும் போதும்.

லென்ஸ் பற்றி ஒரு சின்ன விஷயம். போனின் பின்கேமரா இயல்பிலேயே வைட். அதை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகிக் கோமாளித்தனமாக இருக்கும். உருவத்தின் முகத்துக்கு அது உதவும், நாயகியின் முகத்துக்கு வேண்டாம். அவளுக்கு இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் போட்டு, பின்னால் நகர்ந்து எடுங்கள். தூரத்திலிருந்து இப்படி எடுக்கும்போது அவளுக்குப் பின்னால் நிற்பது உண்மையைவிட நெருக்கமாகத் தெரியும். இன்னொன்று, போனின் சென்சார் சிறியது என்பதால் முன்னாலும் பின்னாலும் எல்லாம் ஷார்ப்பாகத்தான் இருக்கும். பின்னால் நிற்பதை மங்கலாக்கி ஒளிப்பது கஷ்டம். அதனால் இருட்டில் ஒளியுங்கள்.

லைட்டும் செட்டிங்கும், சுருக்கமாக

கேமராவை ஆட்டோவில் விடாதீர்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் அவள் இருட்டுக்குள் நுழைந்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி, நீங்கள் ஒளித்துவைத்ததை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஓடும் இடங்களில் நொடிக்கு 25 ஃப்ரேம் (அதாவது 25 படங்கள்), ஷட்டர் 1/50 நொடி. 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 ஃப்ரேம், 1/60. இது தவறினால் சில பல்புகளின் வெளிச்சத்தில் ஃப்ரேமில் பட்டைகள் ஓடும். எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு.

இருட்டுக் காட்சியை இருட்டாகவே எடுத்தால் நாய்ஸ், அதாவது படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியான இரைச்சல்தான் மிஞ்சும். ஒரே ஒரு லைட்டை வைத்து, முகத்தின் ஒரு பக்கம் நன்றாகத் தெரியும்படி எடுங்கள், இருட்டை எடிட்டில் கூட்டிக்கொள்ளலாம். உருவத்துக்கு முன்பக்க வெளிச்சமே வேண்டாம். பின்னாலிருந்து ஒரு லைட் போட்டு விளிம்பு மட்டும் தெரிய விடுங்கள். ஃப்ரேம் முழுக்கக் கருப்பாக இருந்தால் யாருக்கும் பயம் வராது. தேடிப் பார்க்க ஒரு விளிம்பாவது வேண்டும்.

ஸ்பாட்டில் கூடுதலாக எடுத்துவைக்க வேண்டியவை

எடிட் டேபிளில் அழுகிற பலருக்கும் ஷாட் பற்றாக்குறைதான் பிரச்சினை. ஒவ்வொரு ஷாட்டிலும் ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன் ஐந்து நொடியும், நடிப்பு முடிந்த பிறகு ஐந்து நொடியும் கேமரா ஓடட்டும். முடிந்த பிறகு வரும் அந்த ஐந்து நொடியில் நடிகையின் முகத்தில் வரும் களைப்போ குழப்பமோதான் சில சமயம் அந்தக் காட்சியிலேயே நல்ல பயந்த முகமாக இருக்கும்.

ட்ரைபாடை அசைக்காமல், அதே ஃப்ரேமை ஆள் இல்லாமலும் எடுத்துக்கொள்ளுங்கள். காலி நடைவழி, காலி அறை, மூடிய கதவு, கொஞ்சம் திறந்த கதவு, நன்றாகத் திறந்த கதவு. இவற்றின் அருமை எடிட்டில் தெரியும். அப்புறம் இன்ஸர்ட்கள்: கதவின் கைப்பிடி, வெறுங்கால், சுவரைத் தடவும் விரல், அசையும் திரைச்சீலை. ஒவ்வொன்றும் மூன்று நான்கு நொடி.

அவள் பார்க்கும் பக்கத்தைக் குழப்பாதீர்கள். அவளுக்கும் உள்ளறைக் கதவுக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் இதை இமேஜினரி லைன் என்பார்கள். கேமரா எப்போதும் இந்தக் கோட்டின் ஒரே பக்கம் நிற்கட்டும். அப்போதுதான் கதவு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியும். திசை தெரிந்திருந்தால்தான் ‘வேறு திசையிலிருந்து வந்துவிட்டது’ என்ற அதிர்ச்சியும் வேலை செய்யும். உருவம் தென்பட்ட பிறகு ஒரே ஒருமுறை கோட்டைத் தாண்டுங்கள். அவளோடு சேர்ந்து பார்க்கிறவருக்கும் திசை தப்பும்.

உருவத்தின் நடை மனித நடையாக இருக்கக் கூடாது என்றால் அதற்குக் கிராஃபிக்ஸ் தேவையில்லை. ‘ரிங்கு’ (1998) என்ற ஜப்பானியப் படத்தில் நடிகையைப் பின்பக்கமாக நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். முன்னால் வருவதுபோல் தெரியும், ஆனால் உடம்பின் எடை விழும் விதம் எங்கோ இடிக்கும். போனில் எடுத்தாலும் இது அப்படியே வேலை செய்யும். பக்கத்தில் வேறு ஆட்கள், ஓடும் மின்விசிறி போன்றவை ஃப்ரேமில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

கடைசியாக, எல்லோரையும் வாயை மூடச் சொல்லி அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இது ரூம் டோன். ஏன் என்று சத்தம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எடிட்: முதல் சுற்று

முதல் சுற்றில் மியூசிக் போடவே போடாதீர்கள். பயங்கரமான பின்னணி இசையைப் போட்டுவிட்டால் எந்த ஷாட்டும் நன்றாக இருப்பதுபோல் தோன்றி உங்களையே ஏமாற்றும். இசை இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோதும் வயிற்றில் ஏதோ செய்தால் அந்தக் கட் சரி.

புதியவர்கள் திகில் என்றாலே வேகமாக வெட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் ‘சைக்கோ’ (1960). அதன் குளியலறைக் கொலைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கேமரா நிலைகள், ஏறக்குறைய ஒரு வாரப் படப்பிடிப்பு. கத்தி, வாய், கை, தண்ணீர் என்று துண்டு துண்டாக வெட்டி, உடம்பில் கத்தி பாய்வதைப் பார்க்கிறவரின் மூளையே சேர்த்துக்கொள்ளும்படி செய்தார்கள். ஆனால் அந்த வெட்டுகள் எல்லாம் தாக்குதல் தொடங்கிய பிறகுதான். அதற்கு முன்னால் அவள் நிம்மதியாகக் குளிக்கிறாள், திரைக்குப் பின்னால் ஒரு நிழல் நிதானமாக நெருங்குகிறது. நம் காட்சியிலும் இதே கணக்குதான். அதிர்ச்சியை நெருங்க நெருங்க ஷாட்கள் நீளட்டும். வழக்கமான காட்சியில் மூன்று நொடியில் கட் செய்வீர்கள் என்றால் இங்கே ஏழு எட்டு நொடி பிடித்துவையுங்கள். ‘இந்நேரம் கட் ஆகியிருக்கணுமே’ என்று பார்க்கிறவருக்குத் தோன்றும் அந்தப் புள்ளியைத் தாண்டி இன்னும் இரண்டு நொடி. பதைப்பு பிறப்பது அங்கேதான்.

அடுத்த பழக்கம்: பொருளைக் காட்டுவதற்கு முன் முகத்தைக் காட்டுங்கள். அவள் எதையோ பார்த்து உறைகிறாள், நாம் அதை இன்னும் பார்க்கவில்லை. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே முகத்தை வெவ்வேறு ஷாட்களோடு ஒட்டிக் காட்டி, பார்க்கிறவர்கள் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைப் படித்துக்கொள்கிறார்கள் என்று காட்டியது கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்தைய பாடம். உங்களுக்கு அதன் பயன் ரொம்ப நேரடியானது. நடிகை பெரிதாக நடிக்க வேண்டியதில்லை. வெறுமனே பார்த்தால் போதும், பக்கத்தில் காலி நடைவழியின் ஷாட்டை ஒட்டினால் அது பயமாகிவிடும். கண்ணை உருட்டிக் கத்தும் டேக் இருந்தாலும் அதைத் தூக்கிவிட்டு, அமைதியான டேக்கைப் போடுங்கள்.

அந்த மூன்று நொடி, ஃப்ரேம் ஃப்ரேமாக

இனி காட்சியின் உச்சம். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் டைம்லைன் (எடிட்டிங்கில் ஷாட்களை வரிசையாக அடுக்கும் இடம்) என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

அவள் உள்ளறை வாசலில் நிற்கிறாள். க்ளோசப். முகம் ஃப்ரேமின் வலது ஓரம். பின்னால் இடப்பக்கம் நடைவழியும் கொஞ்சமாகத் திறந்த ஒரு கதவும். ஆறு நொடி. அடுத்து அவள் பார்க்கும் காலி அறை, மூன்று நொடி. தரையில் விழுந்து கிடக்கும் ஒரு புத்தகம். சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பார்க்கிறவர் மூச்சு விடுவார், விடட்டும்.

மறுபடி அதே க்ளோசப், அதே ஃப்ரேம். ஆனால் இப்போது பின்னால் இருக்கும் கதவு நன்றாகத் திறந்திருக்கிறது. ஸ்பாட்டில் ட்ரைபாடை அசைக்காமல் எடுத்துவைத்தீர்களே, அது இதற்குத்தான். சத்தம் எதுவும் போடாதீர்கள். அதைக் கவனித்தவர் நிமிர்ந்து உட்காருவார். கவனிக்காதவருக்கும் ஏதோ மாறியது மட்டும் உறைக்கும். இரண்டு நொடி அப்படியே இருக்கட்டும்.

அவள் தலையைத் திருப்பத் தொடங்குகிறாள். திருப்பி முடிக்க விடாதீர்கள். தலை பாதி திரும்பும்போது, அசைவின் நடுவிலேயே கட். அடுத்த ஷாட் உருவத்தின் முகம். இங்கே ஒரு விஷயம் முக்கியம். முந்தைய ஷாட்டின் கடைசி ஃப்ரேமில் அவள் கண்கள் திரையில் எங்கே இருந்தனவோ, அதே இடத்தில் உருவத்தின் முகம் வர வேண்டும். பார்க்கிறவரின் கண் அங்கேதான் இருக்கிறது. உருவம் திரையின் மறுபக்கம் வந்தால், கண் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஷாட்டில் பாதி முடிந்துவிடும். ஸ்பாட்டில் சரியாக அமையாவிட்டாலும் எடிட்டில் கொஞ்சம் பெரிதாக்கி, நகர்த்திப் பொருத்தலாம். 4கே என்ற பெரிய அளவில் எடுத்து, 1080 என்ற சிறிய அளவில் எடிட் செய்தால் இதற்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

உருவத்தின் ஷாட் நீளம் 8 முதல் 12 ஃப்ரேம், அதாவது அரை நொடிக்கும் குறைவு. மலிவான மேக்கப் அவ்வளவு நேரம்தான் தாங்கும். பதினைந்தைத் தாண்டினால் பார்க்கிறவர் விக்கின் ஓரத்தை ஆராயத் தொடங்குவார். டைம்லைனில் திரும்பத் திரும்பப் பார்க்கும் உங்களுக்கு 10 ஃப்ரேம் ரொம்பக் குறைவாகத் தோன்றும். கூட்டிவிடாதீர்கள். முதல்முறை பார்ப்பவருக்கு அது தாராளம்.

உடனே வைட் ஷாட்டுக்குக் கட். நடைவழியின் கோடி, தரை மட்டம், அவள் மட்டும் தனியாக. உருவம் இல்லை. இந்த ஷாட்டை நீளமாக விடுங்கள். அதிர்ச்சி அடங்கியும் பயம் அடங்காத இந்த இடத்தைப் பலரும் கத்தரித்துவிடுகிறார்கள். வீணாகிறது.

இதே இடத்துக்கு வேறொரு வழியும் உண்டு. ஒரே ஷாட்டில் உருவத்தை அறிமுகப்படுத்தாமல், கேமராவின் திசையை மாற்றாமல், வைட், மிட், க்ளோசப் என்று நேர்கோட்டில் நெருங்கும் மூன்று கட்கள். 1931இல் வந்த ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ படத்தில் அந்த உருவம் முதன்முதலில் திரும்பி நிற்கும்போது இப்படித்தான் கட்கள் முகத்தை நோக்கித் தாவும். உருவம் அசையாமல் நின்றாலும் பாய்ந்து வருவதுபோல் இருக்கும். முதல் கட்டுக்கும் இரண்டாவதுக்கும் அளவு நன்றாக மாற வேண்டும். கொஞ்சமாக மாறினால் ஏதோ ஷாட் குதித்துவிட்டது, எடிட்டர் கவனிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

கட் செய்யாமல்

சில சமயம் கட்டே வேண்டாம். கேமரா நின்ற இடத்திலேயே அவளிடமிருந்து மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்புகிறது (இதைப் பேன் என்பார்கள்), அங்கே ஒன்றும் இல்லை, திரும்பி அவளிடம் வருகிறது. இப்போது அவளுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். கேமரா ஜன்னலைப் பார்த்த நேரத்தில் நடிகர் ஓடிவந்து நின்றுகொள்வார், அவ்வளவுதான். கட் இல்லாததால் பார்க்கிறவர் ‘எடிட்டில் ஏமாற்றினார்கள்’ என்று சொல்ல முடியாது. ஓடிவருபவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடட்டும்.

‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யை இயக்குநர் தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்தார். 2007இல் முதலில் திரையிட்டார்கள். அதன் படுக்கையறைக் காட்சிகளில் கேமரா ட்ரைபாடில் அசையாமல் நிற்கும், மூலையில் நேரம் ஓடும். கட் வராது என்று தெரிந்தவுடன் பார்க்கிறவரே ஃப்ரேமின் ஒவ்வொரு மூலையையும் தேடத் தொடங்கிவிடுகிறார். கதவு ஒரு விரல்கடை அசைந்தாலே போதும்.

நீளமான ஷாட் சரியாக அமையவில்லை, இரண்டு டேக்கை ஒட்ட வேண்டும் என்றால், அவள் ஒரு இருட்டைக் கடக்கும் இடத்திலோ, கேமராவுக்கு மிக அருகில் ஏதாவது குறுக்கே போகும் இடத்திலோ ஒட்டுங்கள். ஃப்ரேம் ஒரு நொடி கருப்பானாலும் அங்கே கட்டை ஒளித்துவிடலாம்.

சத்தத்தின் கட்

படத்தின் கட்டும் சத்தத்தின் கட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று சட்டம் இல்லை. அவள் முகத்தில் ஷாட் இருக்கும்போதே அடுத்த ஷாட்டின் சத்தத்தை, அதாவது உள்ளறைக் கதவின் கிறீச்சொலியை, ஒரு நொடி முன்னால் இழுத்துவிடுங்கள். அவள் அதைக் கேட்கிறாள், நாம் இன்னும் பார்க்கவில்லை. இதை ஜே கட் என்பார்கள். உள்ளறையைக் காட்டி முடித்து அவள் முகத்துக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் தொடர்ந்தால் எல் கட். திகில் காட்சியில் ஜே கட்டுக்குத்தான் வேலை அதிகம்.

அதிர்ச்சிக்கு முன் அரை நொடியாவது அமைதி வேண்டும். ஆனால் ஆடியோ ட்ராக்கை வெறுமையாக விட்டால் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று தோன்றும். அதனால்தான் ரூம் டோன் எடுக்கச் சொன்னேன். மற்ற எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் ஓடவிடுங்கள். உருவத்தின் சத்தம் அதன் முதல் ஃப்ரேமிலேயே விழ வேண்டும். இரண்டு மூன்று ஃப்ரேம் தாமதித்தாலும் அடி தளர்ந்துவிடும். சத்தத்தைக் காது கிழியும் அளவுக்கு ஏற்ற வேண்டாம். முன்னால் இருந்த அமைதிதான் அதைப் பெரிதாக்குகிறது.

பொய்யான பயமுறுத்தலும் ஒரு வழி. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள், யாரோ பின்தொடர்வதுபோல் இருக்கிறது, காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது. அப்போது சீறிக்கொண்டு ஃப்ரேமுக்குள் வந்து நிற்கிறது ஒரு பஸ். அதன் சத்தத்தில் ஒரு கணம் மிருகம் பாய்ந்ததுபோல் இருக்கும். அந்தக் குழுவினர் அதன்பிறகு இந்த வித்தைக்கே ‘பஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். உங்கள் குறும்படத்தில் இது ஒன்று போதும். இரண்டாவது பொய்க்கு யாரும் பயப்பட மாட்டார்கள், மூன்றாவதற்குக் கோபப்படுவார்கள்.

போட்டுக் காட்டிப் பார்ப்பது

எடிட் முடிந்ததும் முதலில் போனில், பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். இருட்டு அறையில் நல்ல மானிட்டரில் அழகாகத் தெரிந்த அந்தக் கருப்பு விளிம்பு, போனில் ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். கருப்புப் பகுதிகளின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நீல டின்ட் எவ்வளவு வேண்டும் என்று யோசிப்பதைவிட இது முக்கியம்.

அப்புறம் கதை தெரியாத ஒருவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். அவர் பார்வை எங்கே விலகியது, எங்கே சாய்ந்து உட்கார்ந்தார் என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விலகிய இடத்தில் ஷாட் தேவைக்கு மேல் நீண்டிருக்கும், அல்லது தேடிப் பார்க்க அந்த ஃப்ரேமில் ஒன்றும் இருக்காது. ஒரு ஆளைத் திடுக்கிட வைக்கும் வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும். அதனால் நண்பர்கள் எல்லோரையும் முதல் எடிட்டுக்கே கூப்பிட்டுத் தீர்த்துவிடாமல், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புது ஆளை மிச்சம் வையுங்கள்.

உருவம் வரும் இடத்தில் அவர் சிரித்தால், அந்த ஷாட்டின் நீளத்தைப் பாதியாக்கி வேறொருவருக்குக் காட்டுங்கள். அவரும் சிரித்தால் ஷாட்டையே தூக்கிவிட்டு, சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, படத்தில் திரும்பும் அவள் முகத்தையே தொடரவிடுங்கள். பல குறும்படங்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.